பிரபுக்கள் வந்தார்களா?

பாஞ்சாலி சபதத்தைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் பலரும் அந்நூலின் முகப்பிலுள்ள காணிக்கை உரையை விட்டுவிட்டே நூலினுட் புகுவர். பரீட்சைக்கு அது வேண்டப்படுவதில்லை. யானும் பல ஆண்டுகளாக அவ்வாறே செய்து வந்தேன். சென்ற தவணையில் மாணாக்கன் ஒருவன் அவ்வுரையைத் தானே படித்துவிட்டு வந்து ஒரு வினா எழுப்பினான். இனிப் பிறந்து தமிழிற் காவியஞ் செய்யப்போகும் கவிஞர்களுக்கும், அவர்களுக்குத் துணைநிற்கப்போகும் பிரபுக்களுக்கும் நூலைக் காணிக்கையாக்குகின்றாரே பாரதியார்; அத்தகைய பிரபுக்கள் பாரதியாருக்கு வாய்த்தார்களா என்பது அவன் வினா. வகுப்பிலே யான் சொன்ன விடை எனக்கே நிறைவு தரவில்லை. ஆதலின் அதனை ஈண்டு விரித்து எழுதுகின்றேன்.

சுப்பிரமணிய பாரதியார் 1882 டிசெம்பர் 11 இல் எட்டயபுரத்திற் பிறந்தார். தந்தையார் சின்னசாமி ஐயர் ஆலைத் தொழிலில் இறங்கிப் பொருளிழந்து 1898 இல் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே, பதினான்கு வயதுச் சிறுவராயிருந்த பாரதியார், தம் கல்விக்குப் பொருளுதவி வேண்டி எட்டயபுரத்து மன்னருக்குச் செய்யுளில் விண்ணப்பம் எழுதினார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1919 இல், அதே அரண்மனைக்கு அவர் மீண்டும் சீட்டுக்கவி விடுத்தார். சிறுவரின் விண்ணப்பம் வேறு; தமிழ்க் கவிதையைப் புதுவழியிற் செலுத்திய புலவரின் ஓலை வேறு. அரண்மனையோ அவ்வேறுபாட்டை உணர்ந்ததாகத் தெரியவில்லை. சீட்டுக்கவிக்கு ஆதரவு கிட்டவில்லை.

1904 இல் மதுரை விவேகபானுவில் தனிமை இரக்கம் என்னும் அவருடைய பாடல் அச்சேறிற்று. அச்சிற் கண்ட முதற்பாட்டு அதுவே. அவ்வாண்டிலேயே மதுரைச் சேதுபதி உயர்தரப் பாடசாலையில் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை தற்காலிகத் தமிழ்ப் பண்டிதராக இருந்தார். அவரை நம் தொழிலினர் என்று நாம் பெருமை பேசுவதற்குக் கிடைத்தவை அச்சில மாதங்களே. பின்னர் ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனிற் பணி கிடைக்கச் சென்னை சென்றார்.

சென்னையிலேதான் முதற் பிரபு தோன்றினார். அவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். மிதவாதி, பாரதியாரோ திலகர் பக்கத்தவர். கட்சியால் எதிர்நின்ற அப்பெரியார், பாடல்களைக் கேட்டு உளங்கனிந்து, 1907 இல் அவற்றுட் சிலவற்றைப் பதினையாயிரம் பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். 1908 இல் சுதேச கீதங்கள் நூலாயிற்று. வழி திறந்துவிட்டதென்றே எவரும் எண்ணியிருப்பர்.

அவ்வாண்டே அரசாங்கத்தின் கைக்குத் தப்பிப் பாரதியார் புதுச்சேரி புகுந்தார். அங்கிருந்து வந்த இந்தியா பத்திரிகை பிரித்தானிய எல்லைக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டு 1910 இல் நின்றது. கனவு, ஆறில் ஒரு பங்கு என்னும் நூல்களும் தடைக்குள்ளாயின. பதிப்பாளர் மறுத்தால் வேறொருவரை நாடலாம். அரசாங்கமே மறுத்தால் எங்கே நாடுவது? 1912 இல் பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகம் மாத்திரம் வெளிவந்தது. இரண்டாம் பாகம் கையெழுத்தாகவே கிடந்தது. சின்னச் சங்கரன் கதையின் கைப்பிரதி களவுபோயிற்றென்பர். இன்று நாம் படிப்பது முற்றுப்பெறாத பகுதியே. 1917 இல் கண்ணன் பாட்டை அச்சிற் கொணர்ந்தவர் பரலி சு. நெல்லையப்பர். செல்வமில்லாத இளைஞர் அவர். பிரபுக்கள் வரிசையில் யான் இரண்டாவதாக வைப்பது அவரையே.

பண்டிதர்களாகிய நம்மவர் இக்காலத்தில் என்செய்தனர்? நம்நாட்டு விபுலாநந்த அடிகளைப் போல அவர் கவிதையின் மதிப்பைப் பின்னர் எடுத்துரைத்தார் இருந்தனர். ஆயினும் எளிய பதமும் சந்தமும் கண்டு இது இலக்கியமோ என்று முகஞ்சுளித்தாரே பெரும்பாலர். பிறரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. ஆசிரியப் பணியேற்ற புதிதில் மாணாக்கன் ஒருவன் தன் செய்யுட் கொப்பியை என்னிடம் தந்தான். தளை தட்டிய இடமெல்லாஞ் சிவப்பு மையாற் கோடிட்டு, பொருளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாது திருப்பிக் கொடுத்தேன். மறுமுறை அவன் கொண்டுவரவில்லை. அவன் எழுதியது நன்றோ தீதோ என்று இன்று என்னாற் கூற முடியவில்லை. கோடுகளே நினைவில் உள்ளன.

1918 நவம்பரிற் புதுவையை விட்டு வந்த பாரதியார் கடலூரிற் கைதாகி, டிசெம்பரில் விடுதலையாகி, மனைவியாரின் ஊராகிய கடயத்தில் வாழ்ந்தார். 1920 இல் அவர் வகுத்த திட்டமே அவர் வரலாற்றில் என்னை மிக வருத்துவது. தம் கைப்பிரதிகள் அனைத்தையும் நாற்பது நூல்களாக்குவது. ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகள். ஆக நான்கு இலட்சம்! அவை மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தமிழ்நாடெங்கும் விலைபோகும் என்று அவர் எதிர்பார்த்தார். அதற்கு வேண்டிய முதலைத் தானமாகக் கேட்டாரில்லை, கடனாகவே கேட்டார். பத்திரம் எழுதித் தருவதாகவும் வட்டி கொடுப்பதாகவும் அன்பர்களுக்கும் அறிந்தவர்களுக்கும் சுற்றுக்கடிதம் விடுத்தார். காணிக்கை உரையில் எழுதிய பிரபுக்களை இப்போது பெயரும் முகவரியுமிட்டு அழைத்தார் என்க.

இத்திட்டத்தைப் பித்தர் கனவென்று நகைப்பாருமுளர். யான் அவ்வாறு கருதேன். அவர் கணக்கிற் பிழையில்லை; ஆண்டிலேதான் பிழை. நாற்பது நூல் என்றவர் அச்சிற் கண்டிருந்தவையோ கைவிரல்விட்டு எண்ணக்கூடிய சிறு வெளியீடுகளே. அவ்வளவில் நின்றுகொண்டு இலட்சக்கணக்கான வாசகரைக் கண்டவர், தாம் எழுதியதன் தகுதியை ஒருகணமும் ஐயுற்றாரில்லை. பணம் வரவில்லை. திட்டம் நிறைவேறவில்லை. அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் சுதேசமித்திரனிற் பணியேற்று, தலையங்கமும் கட்டுரையும் எழுதலானார். மனமொடிந்தவர் எழுத்தாக அவை தோன்றா. 1921 செப்டெம்பரில், முப்பத்தெட்டு வயதிற் காலமானார்.

அதன்பின் நிகழ்ந்தவை சுருக்கமானவை. மனைவியார் செல்லம்மாள் 1922 இல் பாரதி ஆச்சிரமம் என்னும் பெயராற் பதிப்பகம் தொடங்கினார். பாஞ்சாலி சபதத்தின் இரண்டாம் பாகம் 1924 இல் வெளிவந்தது. 1928 இல் பாடல்கள் மீண்டும் பறிமுதல் செய்யப்பட்டன. 1949 இல் சென்னை அரசாங்கமே பதிப்புரிமையை வாங்கிப் பின்னர்ப் பொதுமக்களுக்காக்கிற்று. நான்கு இலட்சம் என்ற எண் இன்று சிறிதாகிவிட்டது.

இவற்றையெல்லாம் அம்மாணாக்கனிடம் பின்னொருநாட் சொன்னேன். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், ஏழை இளைஞர் ஒருவர், கைம்பெண் ஒருவர், ஆகப் பிரபுக்கள் மூவர்தாமா என்று கேட்டான். ஆம் என்றேன். சிறிது நேரம் நின்றான். தன்னிடமும் ஒரு கொப்பி உண்டென்றும், இரு பத்திரிகைகளுக்கு அனுப்பிப் பயனில்லாமற் போயிற்றென்றும் தயங்கித் தயங்கிக் கூறினான். கொண்டுவருமாறு சொல்லியிருக்கின்றேன். இன்னும் கொண்டுவரவில்லை. நாளை திங்கட்கிழமை, மறுபடியும் கேட்பேன்.