எழுபது வயதில் ஊர் மாறிய பேராசிரியர்

1938 நவம்பரில் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டாக் மைதானத்தில் ஒரு ஆட்டம். கலிபோர்னியாவிலிருந்து வந்த பசிபிக் கல்லூரி, சொந்த மண்ணில் ஆடிய சிக்காகோ அணியை 32-0 என்று தோற்கடித்தது. வென்ற அணியின் பயிற்றுநருக்கு வயது 76. அந்த மைதானத்துக்குச் சூட்டியிருந்தது அவருடைய பெயரைத்தான்.

அமோஸ் அலோன்சோ ஸ்டாக் 1862இல் நியூ ஜேர்சியில் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். மதகுரு ஆகவேண்டும் என்று யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். கையில் காசில்லை, வெறும் பிஸ்கட்டில் வயிற்றைக் கழுவி நோயில் விழுந்ததும் உண்டு. பேஸ்போலில் பந்து வீசிப் பெயரெடுத்தபோது தொழில்முறை அணிகள் பணத்தோடு வந்தன. வேண்டாம் என்றுவிட்டார். பிறகு மேடைப் பேச்சு தனக்கு வராது என்று கண்டு, மதகுரு எண்ணத்தையும் கைவிட்டார்.

அவர் பழக்கியது நாங்கள் ஊரில் விளையாடிய உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் பாய்ந்து விழுத்தும் அமெரிக்க ஆட்டம். அப்படிப் பாய்ந்து பிடிக்கப் பழக, மெத்தையைச் சுருட்டித் தொங்கவிட்டவர் இவர். 1892இல் சிக்காகோ பல்கலைக்கழகம் தொடங்கியபோது, யேலில் இவருக்குப் படிப்பித்த ஹார்ப்பர் அதன் தலைவராக இருந்தார். ஆண்டுக்கு 2,500 டொலர் சம்பளத்தில் நிரந்தர இணைப் பேராசிரியராக ஸ்டாக்கை அழைத்தார். விளையாட்டுப் பயிற்றுநரை வகுப்பறை ஆசிரியருக்குச் சமமாக வைத்தது அக்காலத்தில் புதுமை. 1905இல் 56 ஆட்டங்களாகத் தோல்வி காணாதிருந்த மிச்சிகன் அணியை இவரது பிள்ளைகள் 2-0 என்று வீழ்த்தினார்கள்.

நாற்பது ஆண்டுகளின் பின், 70 வயதில் ஓய்வு என்ற விதி வந்து நின்றது. ஆலோசனை சொல்லும் ஒரு பதவியைத் தருவதாகச் சொன்னார்கள். வேலையில்லாத நாற்காலி அவருக்கு வேண்டியிருக்கவில்லை. 1933இல் மனைவி ஸ்டெல்லாவோடு கலிபோர்னியாவின் ஸ்டொக்ரனுக்குப் போய், பசிபிக் என்ற சின்னக் கல்லூரியில் முதலிலிருந்து தொடங்கினார்.

இந்த இடத்தில்தான் எனக்கு அவர் நெருக்கமாகிறார். வணிகமாணிப் பட்டத்தோடு இங்கு வந்து, ஐம்பதை நெருங்கும் வயதில் மறுபடியும் பரீட்சை எழுதியவன் நான். என் வயதைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஓரமாக வைத்த கைகளும் நினைவிருக்கின்றன. ஆனால் ஸ்டாக்கை யாரும் ஊரைவிட்டுத் துரத்தவில்லை. பெயரும் மரியாதையும் இருந்தன. அந்த வித்தியாசத்தை மறைத்துக் கணக்கெழுத மாட்டேன்.

சிக்காகோ 1939இல் அந்த ஆட்டத்தையே கைவிட்டது. வெறுமையாகக் கிடந்த பார்வையாளர் மேடையின் கீழ், 1942 டிசெம்பர் 2இல் பேர்மியின் குழு முதலாவது அணுத் தொடர்வினையை நடத்தியது. அடுத்த ஆண்டு, 81 வயதில், ஸ்டாக் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த பயிற்றுநராகத் தெரிவானார்.

பசிபிக்கும் 1946இன் பின் அவரை வைத்திருக்கவில்லை. பென்சில்வேனியாவில் மகனோடு சேர்ந்து பழக்கினார். ஸ்டெல்லாவுக்குச் சுகமில்லாமல் போகவே ஸ்டொக்ரனுக்குத் திரும்பி, அங்குள்ள கல்லூரியொன்றில் 98 வயதுவரை பந்தை உதைக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். 1965இல், 102 வயதில், அந்த ஊரிலேயே இறந்தார்.