ஒரே ஆள், இரண்டு விண்ணப்பங்கள்: ராமானுஜன் வேலை தேடிய கதை

ஒரே ரெஸ்யூமேவை ஐம்பது கம்பெனிக்கு அனுப்பிட்டு, ஒரு பதில்கூட வரலையேன்னு உட்கார்ந்திருக்கீங்களா? நூறு வருஷத்துக்கு முன்னாடி சென்னையில் இதே நிலையில் ஓர் இளைஞர் இருந்தார். கணித மேதை சீனிவாச ராமானுஜன்தான் அவர்.

1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர வேறெதையும் படிக்க மனம் வராததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909-ல் திருமணம். கையில் பட்டம் இல்லை, வருமானமும் இல்லை.

1910-ல் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த ராமஸ்வாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். வேலை கேட்டுப் போன ராமானுஜன் அவரிடம் நீட்டியது தன் கணக்கு நோட்டுப் புத்தகங்களை. அதைப் பார்த்த ஐயருக்கு, இவரை வருவாய்த் துறையின் அடிமட்ட வேலையில் போட மனம் வரவில்லை. சிபாரிசுக் கடிதங்கள் கொடுத்து சென்னைக்கு அனுப்பி வைத்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவும் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். ஆனால் அடுத்தவர் தயவில் எத்தனை நாள் ஓட்ட முடியும்?

துறைமுகத்துக்கு எழுதியது

1912 பிப்ரவரி 9. சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலைக்கு ராமானுஜன் விண்ணப்பித்தார். ரொம்பச் சின்னக் கடிதம். மெட்ரிகுலேஷன் தேறியது, எஃப்.ஏ. வரை படித்தது, சூழ்நிலையால் படிப்பைத் தொடர முடியாமல் போனது, கணிதத்தில் ஈடுபட்டிருப்பது, இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை. அவ்வளவுதான். கூடவே பிரசிடென்சி கல்லூரி கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரை. தேற்றம் ஒன்றுகூட இல்லை. கணக்குப் பிரிவில் ஆள் எடுப்பவருக்கு அது எதுக்கு? எஃப்.ஏ. தோல்வியைச் சூழ்நிலை என்று சொன்னது கொஞ்சம் சாமர்த்தியம்தான், பொய்யென்று சொல்ல முடியாது. மார்ச் 1-ம் தேதி வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

ஹார்டிக்கு எழுதியது

1913 ஜனவரி 16-ம் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி.எச். ஹார்டிக்கு எழுதிய கடிதம் முழுக்க வேற மாதிரி. பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, வருஷத்துக்கு 20 பவுண்ட் சம்பளத்தில் குமாஸ்தா என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். பதவியால் மயங்குகிற ஆள் இல்லையே ஹார்டி! அடுத்து, ஹார்டி எழுதிய சிறு நூல் ஒன்றைக் குறிப்பிட்டு, அதன் 36-ம் பக்கத்தில் பகா எண்களின் எண்ணிக்கை பற்றி இன்னும் விடை கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கும் இடத்தைப் பிடித்தார். அதற்குத் தன்னிடம் விடை இருக்கிறது என்றார். பிறகு சுமார் 120 தேற்றங்கள்.

பாருங்க, பகா எண் பற்றிய அந்த விடை பின்னால் தவறு என்று தெரிந்தது. அனுப்பியவற்றில் சில ஏற்கெனவே மற்றவர்கள் கண்டுபிடித்தவை. ஆனால் மிச்சத்தில் சில, ஹார்டி எங்கேயும் பார்க்காதவை. சக கணிதவியலாளர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து ஆராய்ந்த பிறகு, இதை எழுதியவர் மேதைதான் என்று முடிவுக்கு வந்தார். இதே ராமானுஜன் ஹார்டிக்கு முன்னால் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்கும் எழுதியிருந்தார். அவர்கள் உதவ முன்வரவில்லை.

நிரூபணம் கேட்டு பிப்ரவரி 8-ம் தேதி ஹார்டி பதில் போட்டார். பிப்ரவரி 27-ல் ராமானுஜன் எழுதிய அடுத்த கடிதத்தில் முழு நிரூபணம் இல்லை; வயிற்றுப்பாடுதான் இருந்தது. மூளை வேலை செய்யச் சோறு வேண்டும், நீங்கள் ஆதரவாக நாலு வரி எழுதினால் இங்கே பல்கலைக்கழகத்திலோ அரசாங்கத்திலோ உதவித்தொகை வாங்கிக்கொள்வேன் என்ற பொருளில் வெளிப்படையாகவே கேட்டார். யாரிடம் எதைக் கேட்டால் கிடைக்கும் என்பது அவருக்கு இப்போது பிடிபட்டிருந்தது.

1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது, இரண்டு வருஷத்துக்கு. குமாஸ்தா சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு. அடுத்த மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.