பாயின்செட்டும் செந்நிறச் செடியும்

கிறிஸ்துமஸ் காலத்தில் கடைத்தொகுதிகளை அழகுசெய்யும் செந்நிறச் செடியைப் பலரும் பார்த்திருப்பர். அதன் பெயர் பாயின்செட்டியா. அப்பெயருக்கு உரியவர் தோட்டக்காரர் அல்லர், ஓர் அரசதந்திரி.

ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட் 1779ஆம் ஆண்டு அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் மருத்துவம் பயின்றார். உடல்நலக் குறைவால் அப்படிப்பை இடையிலேயே கைவிட்டார். பின்னர் அரசியலில் ஈடுபட்ட அவர், 1825இல் மெக்சிகோவுக்கான முதல் அமெரிக்கத் தூதராக நியமிக்கப்பட்டார்.

மெக்சிகோ அப்போதுதான் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றிருந்தது. பாயின்செட்டோ டெக்சாஸ் நிலப்பகுதியை அமெரிக்காவுக்கு விலைபேசினார். உள்நாட்டுக் கட்சிப் பூசல்களிலும் தலையிட்டார். மக்கள் வெகுண்டனர். அத்துமீறித் தலையிடுவதைக் குறிக்க அவர் பெயரிலிருந்தே ஒரு சொல் அங்கே பிறந்தது. மெக்சிகோவின் வேண்டுகோளுக்கு இணங்க, 1829இல் அமெரிக்கா அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

அந்தக் கசப்பான ஆண்டுகளில்தான் மலைச்சரிவுகளில் செழித்திருந்த அச்செடி அவர் கண்ணில் பட்டது. தாவரங்களில் பேரார்வம் கொண்ட அவர், அதனைத் தாயகத்திற்கு அனுப்பிவைத்தார்.

அதனை வளர்ப்பது எளிதன்று. உறைபனி பட்டால் செடி மடிந்துவிடும். ஆகவே, குளிர்நாடுகளில் அதற்குக் கண்ணாடிக்கூடம் தேவை. வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும். இதழ்கள்போல் தோன்றும் சிவப்புப் பகுதிகள் உண்மையில் இலைகளே. நடுவில் இருக்கும் சிறு மஞ்சள் மொட்டுகளே பூக்கள். அவ்விலைகள் சிவக்க, பல வாரங்களுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 14 மணி நேர இருள் வேண்டும். இரவில் விளக்கொளி பட்டால்கூட அவை சிவக்கத் தாமதமாகும்.

1829 ஜூன் மாதம் பிலடெல்பியா மலர்க்கண்காட்சியில் அச்செடி மக்கள் பார்வைக்கு வந்தது. 1836இல் தாவரவியலாளர் ராபர்ட் கிரகாம் அதற்குப் பாயின்செட்டின் பெயரைச் சூட்டினார். பாயின்செட் மருத்துவப் படிப்பைக் கைவிட்ட அதே எடின்பரோவில்தான் கிரகாம் பணியாற்றினார்!

பாயின்செட் 1837 முதல் 1841 வரை அமெரிக்காவின் போர்த்துறை அமைச்சராக இருந்தார். செரோக்கிப் பழங்குடியினர் தங்கள் மண்ணிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டது அக்காலத்தில்தான். வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

அவர் 1851 டிசம்பர் 12ஆம் நாள் காலமானார். அமெரிக்காவில் அந்நாள் பாயின்செட்டியா நாளாகக் கொண்டாடப்படுகிறது. மெக்சிகோவிலோ அச்செடிக்கு அவர் பெயர் இல்லை. கிறிஸ்துமசுக்கு முந்திய இரவைக் குறிக்கும் 'நோச்சேபுவேனா' என்ற பெயராலேயே அங்குள்ளோர் அதை அழைக்கின்றனர்.