மேகம் அடித்த மணி

பெஞ்சமின் பிராங்க்ளின் 1706-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். பிள்ளைகள் 17 பேர்! பள்ளிக்கூடப் படிப்பு இரண்டே ஆண்டுதான். 12 வயதில் அண்ணனின் அச்சுக்கூடத்தில் வேலை. 17 வயதில் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார். அங்கே அச்சுத் தொழிலில் பணக்காரர் ஆனார்.

மின்னலும் மின்சாரந்தானா? உயரமான கோபுரத்தில் கூரிய இரும்புக் கம்பி நட்டுச் சோதிக்கலாம் என்று 1750-ல் எழுதினார். 1752 மே மாதம் பிரான்சில் 40 அடிக் கம்பி நட்டார்கள். தீப்பொறி பறந்தது!

பிராங்க்ளின் பட்டம் விட்ட கதை எல்லோருக்கும் தெரியும். மணிக் கதைதான் பலருக்குத் தெரியாது.

அதே ஆண்டு தம் வீட்டுப் புகைபோக்கியில் கம்பி நட்டார். அதிலிருந்து ஒரு கம்பி மாடிப்படி வழியாக இறங்கியது. நடுவில் அதைத் துண்டித்து, இரு முனையிலும் மணி கட்டினார். இடையே பட்டு நூலில் ஒரு பித்தளைக் குண்டு. இடிமேகம் வந்தால் குண்டு இங்கும் அங்கும் மோதும். மணி அடிக்கும்!

அந்த மின்சாரத்தைக் கண்ணாடி ஜாடியில் பிடித்துச் சோதித்தார். மேகங்களில் பெரும்பாலும் எதிர் மின்சாரமே இருப்பதை 1753-ல் கண்டார்.

விளையாட்டல்ல இது. அதே ஆண்டு ஆகஸ்டில், ரஷ்யாவில் ரிச்மன் என்ற விஞ்ஞானி இப்படி அளவு பார்க்கக் குனிந்தார். நெற்றியில் மின்னல் பாய்ந்தது. அங்கேயே மாண்டார். அவர் கம்பி மண்ணோடு சேரவில்லை. பிராங்க்ளினின் கம்பியோ தண்ணீர்ப் பம்பு வழியே பூமிக்குள் போயிற்று.

பின்னாளில் அவர் லண்டன் போயிருந்தார். வீட்டில் மனைவி டெபோரா மணிச் சத்தத்துக்குப் பயந்தார். இரு மணிகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் சத்தம் வராது என்று 1758-ல் கடிதம் போட்டார் கணவர்.