இராபர்ட்டு ஓவன்

வேல்சு நாட்டின் நியூடவுன் என்னும் சிற்றூரில் 1771-இல் தோன்றியவர் இராபர்ட்டு ஓவன். இளமையில் துணிக்கடையில் தொழில் பயின்ற அவர், 1800-இல் ஸ்காட்லாந்தின் நியூ லானார்க்குப் பஞ்சாலைப் பொறுப்பை ஏற்றார். சூழ்நிலையே மனிதனை உருவாக்கும் என்பது அவர்தம் கொள்கை. பத்து வயது நிரம்பாச் சிறுவரை ஆலையிற் சேர்த்தலை நிறுத்தினார். அடித்தலை விலக்கி, தொழிலாளர் ஒவ்வொருவர் அருகிலும் நான்கு நிறப் பக்கங்களையுடைய மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். முதல்நாள் வேலை மிக நன்றாயின் வெண்மையும், நன்றாயின் மஞ்சளும், நடுத்தரமாயின் நீலமும், தீதாயின் கருமையும் முன்னோக்கும். ஓவன் வாய்திறவாது பார்த்துச் செல்வார். வசைமொழியினும் அக்கட்டை வலிது போலும்!

எனினும், தொழிலாளர் அவரை எளிதில் நம்பிலர். அந்நாளில் அமெரிக்கப் பருத்தி வரவு தடைப்பட, ஆலை நான்கு திங்கள் நின்றது. ஓவன் பொறிகளைத் துடைக்கும் பணி மட்டுமே தந்து முழுக்கூலியும் வழங்கினார். 7,000 பவுனுக்கு மேற் செலவாயிற்று. அதன்பின் ஐயம் அகன்றது.

பங்காளிகளோ, பள்ளிக்குப் பொருள் செலவிடுதல் வீண் என்றனர். 1813-இல் ஆலை ஏலத்திற்கு வந்தது. நூற்றுக்கு ஐந்து ஊதியமே போதும் என இசைந்த புதிய கூட்டாளிகளுடன் ஓவன் அதனை 1,14,100 பவுனுக்கு வாங்கினார். அவர் மீண்டபோது, மக்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றனர். 1816-ஆம் ஆண்டின் முதல் நாளில் பள்ளி திறக்கப்பட்டது.

பிற்காலத்தில் அமெரிக்காவில் அவர் அமைத்த குடியிருப்பு நிலைக்கவில்லை, செல்வமும் கரைந்தது. 1858-இல் பிறந்த ஊரிலேயே உயிர்நீத்தார்.