அடிகளார் கண்ட மூன்றாம் மலர்

எம் கல்லூரியிற் பாலபண்டித வகுப்பு மாணாக்கருக்குச் சுவாமி விபுலாநந்த அடிகளாரின் மூன்று மலர்ப் பாடலை யான் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். இறைவன் திருவடிக்கு ஏற்ற மலர் யாது என வினவி, உள்ளமாகிய தாமரையும், குவித்த கைகளாகிய காந்தளும், நோக்கும் விழிகளாகிய நெய்தலுமே அவன் விரும்புவன என விடையிறுப்பது அப்பாடல். உருவகத்துக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டா. ஆகவே, அணியிலக்கணத்தைச் சொல்லி, மலர் மூன்றனையும் உறுப்பு மூன்றனோடு பொருத்திக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்வது என் வழக்கமாயிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், வன்னியிலே குளக்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து கற்ற மாணவி ஒருத்தி எழுந்து ஓர் ஐயம் வினவினாள். கோயிலிற் கும்பிடுவோர் கண்களை மூடிக்கொள்கின்றனர்; தங்கள் ஊர்க் குளத்து நெய்தலோ கதிரவனைக் கண்டு விரிந்தபின்னரே மலர் எனப்படுகின்றது; மூடிய கண்ணை நெய்தல் என்பது எவ்வாறு பொருந்தும் என்பதே அவள் வினா. அஃது அகக்கண்ணைக் குறித்தது என்று கூறி அவளை அமர்த்தினேன். அவள் அமர்ந்தாள், முகம் தெளியவில்லை. உண்மையைச் சொல்வதாயின், என் மனமும் தெளியவில்லை. முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன், குளத்து நெய்தலை நின்று நோக்கிய ஒரு சிறுமிக்கு விடை கூற மாட்டாமல், ஒரு சொல்லின் பின்னே ஒளிந்துகொண்டேன். அன்று தொட்டே அடிகளாரின் வாழ்க்கையை மீண்டும் படிக்கத் தொடங்கினேன்.

அடிகளார் 1892 ஆம் ஆண்டிலே கிழக்கிலங்கையிற் கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவிற் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனம். ஒருபுறம் கடல், மறுபுறம் வயல், நடுவே கண்ணகையம்மன் கோயில் என அமைந்தது அவ்வூர். வைகாசித் திங்களில் அம்மனுக்குக் குளிர்த்தி நடைபெறும் காலத்திற் கண்ணகி கதையைப் பாட்டாகக் கேட்டு வளர்வது அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு இயல்பு. சிலப்பதிகாரம் ஏட்டிலுள்ள காப்பியமாக அவர் கைக்கு வருமுன், ஊராரின் வாயிலுள்ள பாட்டாக அவர் செவிக்கு வந்திருத்தல் வேண்டும். பிற்காலத்தில் அந்நூலின் இசைப்பகுதியை விளக்கப் புகுந்தவர் இத்தகைய ஊரிற் பிறந்தார் என்பது நாம் மனங்கொள்ளத் தக்கது.

கல்முனையிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் அவர் கற்றார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானமும் பயின்றார். 1916 ஆம் ஆண்டு அவர் வாழ்விலே குறிக்கத்தக்கது. அவ்வாண்டிலேயே விஞ்ஞானத்திற் சான்றிதழ் பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதத் தேர்விலும் வெற்றி எய்தினார். பின்னர் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920 இல் இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். பண்டிதராகிய எம்மனோரிற் பலர் ஏட்டிலே மலரைக் காண்பதோடு அமைவோம். விஞ்ஞானங் கற்பிப்போரிற் சிலர் மலரின் உறுப்புக்களை எண்ணுவதோடு அமைவர். இவ்விரு பயிற்சியும் ஒருவரிடத்திலே ஒருங்கு கூடின.

நல்ல பதவியும் பெரும் மதிப்பும் கைவந்த அந்நிலையில் அவர் அவற்றை விட்டகன்றார். 1922 இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து பிரபோத சைதன்யர் என்னும் பெயர் பூண்டார். 1924 இல், பரமஹம்சரின் நேர்ச் சீடராகிய சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். உலகைத் துறந்தார் என்று எழுதுவது வழக்கு. அவர் துறந்தவை தமக்கெனக் கொண்ட உடைமைகளே. கண் முன்னுள்ள உலகை அவர் துறந்திலர். இறைவனின் ஆக்கமாகக் கண்டு அதனை முன்னினும் கூர்ந்து நோக்கலாயினார். காவியுடை தரித்த பின்னும் அவர் கணிதத்தையும் பௌதிகத்தையும் கைவிட்டாரல்லர்.

1925 இல் ஈழம் திரும்பி, இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளை வளர்க்கும் பணியை ஏற்றார். 1929 இல் மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையிலே, கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. அவ்வாவியிலே, காற்றடங்கிய நிலவு நாட்களில் நீரினடியிலிருந்து ஓர் இன்னொலி எழும். ஊரார் அதனை மீன் பாடுகின்றது என்பர். வாவியிலுள்ள ஊரியின் ஓசை என்போரும் உளர். 1848 ஆம் ஆண்டிலே அங்கு வந்த எமர்சன் தெனந்து என்னும் ஆங்கில அதிகாரி அதனைக் கேட்டுத் தம் நூலிலே எழுதினார். ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்குங்கால் எழும் மெல்லொலியை அவர் அதற்கு ஒப்புக் கூறினார். அவ்வூர் மக்களுக்கோ அது தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய ஓசை. பழகிய பொருளை மனம் கேளாது விடுதல் இயல்பு.

அடிகளார் அதனைக் கேட்டார். தோணியிற் சென்று நிலவிலே இருந்து கேட்டார். கேட்டதை இரு வகையாகப் போற்றினார். ஒன்று, நீரர மகளிர் இன்னிசைப் பாடல் என்னும் கவிதை. அதிலே நீர்வாழ் தெய்வமகளிர் தோன்றி இசையின் இயல்பை உணர்த்துகின்றனர். மற்றொன்று, பழந்தமிழிசை பற்றி அவர் நெடுங்காலம் நிகழ்த்திய ஆராய்ச்சி. கவிதையினால் ஆராய்ச்சி தளரவுமில்லை. ஆராய்ச்சியினாற் கவிதை வறளவுமில்லை. காரணம் அறிந்தால் வியப்பு அழியும் என்று அஞ்சுவோர் அவர் நூலை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

அந்நூலே யாழ் நூல். தமிழர் போற்றிய யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் சென்றபின், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் துணைக்கொண்டு அவ்விசைக் கருவியை மீட்க அவர் முயன்றார். எங்கே தொடங்கினார்? வேட்டுவன் கையிலுள்ள வில்லிலே தொடங்கினார். அம்பை விடுத்தபின் நாண் அதிர்ந்து ஓர் ஓசை தருகின்றது. எத்தனையோ பேர் அதனைக் கேட்டிருப்பர், யாரோ ஒருவன் நின்று கேட்டான், வில்யாழ் பிறந்தது. குமிழங் கொம்பை வளைத்து மரல் நாரை நரம்பாகக் கட்டி இடையன் ஒருவன் வில்யாழ் இசைத்த காட்சி பெரும்பாணாற்றுப்படையில் உண்டு. அங்கிருந்து பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என வளர்ச்சியை அவர் காட்டிச் செல்கின்றார்.

நரம்பின் கணக்கை ஒருகாற் சிந்திப்போம். குரல் என்னும் சுரம் தரும் நரம்பைச் சரிபாதி நீளத்தில் நிறுத்தி மீட்டினால் அதே குரல் மேற்றானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கில் நிறுத்தினால் இளி பிறக்கும். எளிய எண்கள் செவிக்கு இனிய சுரங்களாகின்றன. இதனை நாம் பாடசாலையிலே பௌதிகமாகக் கற்றுப் பரீட்சை எழுதி மறந்துவிட்டோம். அடிகளார் மறவாது இதனையே பற்றிக்கொண்டு, இருபத்திரண்டு அலகுகளைக் கணக்கிட்டு, பாலைகளையும் பண்களையும் தேவார இசையையும் ஆராய்ந்து சென்றார். கணக்குப் பிழையாதிருத்தலும் அவருக்கு ஒரு வழிபாடு என்றே யான் கருதுகின்றேன்.

இவ்வாராய்ச்சியின் இடையே அவர் பல ஊர்களில் வாழ்ந்தார். 1931 இல் அண்ணாமலைச் சர்வகலாசாலையிலே தமிழ்ப் பேராசிரியரானார். அந்நாளில் அயலிலுள்ள திருவேட்களத்திலே, ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று அவர்தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். நாள்தோறும் அவ்வழியே சென்ற கற்றோர் பலர். அப்பிள்ளைகளை அவர்கள் கண்டார்கள் என்று சொல்ல இயலாது. வாவியின் ஒலியைக் கேட்ட அதே கவனம் இங்கே அன்பாயிற்று. 1939 முதல் ஏறத்தாழ ஈராண்டு இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்திலே தங்கிப் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை நடத்தினார். 1943 இல் இலங்கைச் சர்வகலாசாலையின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார்.

1947 ஆம் ஆண்டு யூன் திங்களிலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக யாழ் நூல் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. ஆற்றுப் பெருக்கிலே திருஞானசம்பந்தர் பதிகம் பாட, ஓடம் தானே கரை சேர்ந்தது எனப் போற்றப்படும் தலம் அது. வாவியிலே தோணியில் இருந்து இசை கேட்டவரின் நூல், பாட்டினால் ஓடம் சென்ற ஊரிலே அரங்கேறியமை எனக்குப் பேரின்பம் தருகின்றது. அதன்பின் இரண்டு திங்களும் நிறைவதற்கு முன், யூலை 19 ஆந் திகதி, அடிகளார் கொழும்பிலே மறைந்தார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்தைந்து. அவர் திருமேனி கல்லடி உப்போடைக்குக் கொணரப்பட்டுச் சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கம் செய்யப்பட்டது.

இவ்வளவும் படித்த பின்னும் ஒரு குறை என்னிடம் இருந்தது. மீனின் பாட்டைப் பற்றி வகுப்பிலே எத்தனையோ முறை பேசியிருக்கின்றேன். ஒரு முறையேனும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு விடைத்தாள் திருத்தும் பணிக்காக மட்டக்களப்புக்குச் சென்றபோது, பூரணையை அடுத்த ஓரிரவில், அவ்வூர் ஆசிரிய நண்பர் ஒருவருடன் தோணி ஏறினேன். தோணிக்காரர் முதியவர். வாவியின் நடுவே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு தலையை நீருள் அமிழ்த்தி மறு தலையைச் செவியோடு பொருத்துமாறு கூறினார். முதலில் யான் கேட்டது என் மூச்சையே. பின்னர் நண்பருக்கு ஏதோ விளக்கம் சொல்லத் தொடங்கினேன். முதியவர் மெல்லக் கையமர்த்தினார். ஐயா பேசிக்கொண்டிருந்தால் அது பேசாது என்றார். நாணத்தோடு வாய் மூடினேன். நெடுநேரங் கழித்து, மிகத் தாழ்ந்த ஒலி ஒன்று துடுப்பின் வழியே ஏறி வந்தது, நின்றது, மீண்டும் வந்தது. அதனை எச்சுரம் என்று ஆராயும் எண்ணம் அப்பொழுது எனக்கு எழவேயில்லை. என் கண்கள் விரிந்திருந்ததை மட்டும் உணர்ந்தேன்.

மறுநாட் காலை அடிகளாரின் சமாதிக்குச் சென்றேன். அங்கே அம்மூன்று மலர்ப் பாடல் பொறிக்கப்பட்டிருக்கின்றது. மனப்பாடமாக அறிந்த அதனை, புதிதாகக் கற்பவன் போல எழுத்தெழுத்தாகப் படித்தேன். மூன்றாம் மலருக்கு வந்ததும் அம்மாணவியை நினைந்தேன். அவள் வினவியது முற்றிலும் சரி. விரிந்து நோக்கும் கண்ணையே அடிகளார் நெய்தல் என்றார். வில்லின் நாணையும், வாவியின் ஒலியையும், திருவேட்களத்துப் பிள்ளைகளின் முகங்களையும் அவர் அக்கண்ணாலேயே கண்டார். கண்டதைக் கடவுளுக்குச் சாத்தினார். கண்ணை மூடிக் கும்பிடுவோரை யான் குறை கூறவில்லை. மூடுமுன் ஒருகால் நன்றாகப் பார்த்தோமா என்று நம்மை நாமே வினவிக்கொள்ளல் வேண்டும்.

அம்மாணவி இப்பொழுது தன் ஊர்ப் பாடசாலையிலே தமிழ் கற்பிக்கின்றாள் என அறிகின்றேன். இக்கட்டுரை அவள் கண்ணிற் படுமாயின், அன்று யான் கூறிய விடையை அடித்துவிட்டு இதனை எழுதிக்கொள்வாளாக. தன் மாணாக்கருக்கு அப்பாடலைக் கற்பிக்குமுன், அவர்களைக் காலை வேளையிலே குளக்கரைக்கு அழைத்துச் செல்வாளாக.