மேதைக்கும் துணை வேண்டும்

கணித மேதை இராமானுஜனின் பெயரை அறியாத தமிழ் மாணவர் இலர். ஈரோட்டில் பிறந்து, குடந்தையில் வளர்ந்து, கேம்பிரிட்ஜில் புகழெய்திய அவரது வரலாற்றைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் கேட்டிருக்கிறோம். வறுமையை வென்றார், கடல் கடந்தார், அறிஞர் அவையில் அமர்ந்தார் என்ற அளவில் அவ்வரலாற்றை முடித்துக்கொள்வது நம் வழக்கம். ஆனால் 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இலண்டன் மாநகரில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்றார் என்பதை நம்மிற் பலர் அறியார். அதை மறைப்பதால் அவர் பெருமை கூடப்போவதில்லை. சொல்வதால் குறையப்போவதும் இல்லை. வீட்டைவிட்டுத் தொலைவில் வந்து படிக்கும் நமக்கோ, அவர் வாழ்வில் மிகக் கூர்ந்து படிக்கவேண்டிய பகுதி அதுவே.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் நாள் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடையொன்றில் கணக்கர். அன்னை கோமளத்தம்மாள் மகனைக் கண்ணின் மணியாக வளர்த்தவர். பள்ளியில் பரிசுகள் பல பெற்று, 1904-இல் உதவித்தொகையுடன் குடந்தை அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணிதம் ஒன்றே அவர் கருத்தில் நின்றது, ஏனைய பாடங்களில் தவறினார், உதவித்தொகை போயிற்று. மறு ஆண்டு ஒருவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தோற்றார்.

விசாகப்பட்டினப் பயணத்தை இளமையின் விளையாட்டு என்று நாம் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் அதில் ஒரு குறிப்பு இருக்கிறது. தோல்வி நேர்ந்தால் அதை வாய்விட்டுச் சொல்ல அவரால் இயலவில்லை. நாணம் மேலிட்டபோது மனிதர் கண்ணுக்குத் தப்பி ஓடுவதே அவருக்குத் தோன்றிய வழி. இந்த இயல்பு பின்னாளிலும் அவரை விட்டு நீங்கவில்லை.

ஆயினும் சென்னை அவரைத் தனியே விடவில்லை. 1909-இல் சிறுமி ஜானகியுடன் மணம் நடந்தது. கணிதக் கழகம் நிறுவிய இராமசாமி ஐயர் அவரது குறிப்பேடுகளின் அருமையை உணர்ந்தார். மாவட்டத் தலைவராக இருந்த இராமச்சந்திர ராவ் பொருளுதவி செய்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர், இரவு நெடுநேரம் தம் வீட்டில் சிலேட்டும் பலப்பமுமாக அவருடன் அமர்ந்து கணிதம் பேசுவார். பெரிய பதவி இல்லை, பெரிய பொருளும் இல்லை. ஆனால் பேச ஆள் இருந்தது. பசித்தால் கேட்க அன்னை இருந்தார்.

1913 ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் சென்னையில் கப்பலேறினார். ஏப்ரலில் இங்கிலாந்தை அடைந்து டிரினிட்டி கல்லூரியில் தங்கினார். ஆகஸ்டிலேயே முதல் உலகப் போர் மூண்டது.

புலால் உண்ணாத அவர் கல்லூரி விருந்து மண்டபத்தில் உண்ணவில்லை. தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். பலர் கூடி உண்ணுமிடத்தில்தானே நட்பு வளரும்? அந்த வாயில் அவருக்கு அடைபட்டது. போர்க்காலத்தில் காய்கறிக்கும் தட்டுப்பாடு. உடன் ஆய்ந்த லிட்டில்வுட் போர்ப்பணிக்குச் சென்றுவிட்டார். இராமானுஜன் இரவு பகல் பாராமல் தொடர்ந்து உழைப்பார். பிறகு சோர்ந்து நெடுநேரம் உறங்குவார். உண்பதற்கும் உறங்குவதற்கும் ஒழுங்கே இல்லாமற் போயிற்று.

இக்காலத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது. அங்கே மாணவராக இருந்த மகலநோபிஸ் ஒருநாள் அவர் அறைக்குச் சென்றார். இரவில் குளிர் தாங்கமுடியவில்லை, மேலங்கி அணிந்துகொண்டுதான் உறங்குகிறேன் என்றார் இராமானுஜன். கட்டிலைப் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. கம்பளிகள் மெத்தைமேல் இழுத்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்கவேண்டும் என்பதை அறியாமல், அவற்றின்மேலேயே படுத்திருக்கிறார் நம் மேதை! மகலநோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டினார். எண்களின் மறைபொருளை அவரோடு ஆராய்ந்தவர் பலர். குளிர்கிறதா என்று அறிந்து கம்பளியை விலக்கிக் காட்டியவர் ஒருவர்.

ஊரிலிருந்தும் ஆறுதல் வரவில்லை. கணவர்க்குத் தாம் எழுதிய மடல்களை மாமியார் தடுத்துவிட்டார் என்பது பின்னாளில் ஜானகியம்மாள் கூறியது. மாமியார்க்கும் மருமகளுக்கும் இடையே மூண்ட பூசல், ஆறாயிரம் கல் தொலைவிலிருந்த ஒருவரின் நெஞ்சைச் சுட்டது. மனைவி மறந்துவிட்டாள் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். நாளடைவில் அவரும் வீட்டுக்கு எழுதுவதைக் குறைத்துக்கொண்டார்.

மற்றொரு நாள், இந்திய நண்பர்களுக்குத் தம் கையால் சமைத்து விருந்திட்டார். மூன்றாம் முறை பரிமாற முற்பட்டபோது, விருந்தினருள் இருந்த பெண்கள் போதும் என்றனர். சற்று நேரத்தில் இராமானுஜனைக் காணோம். சில நாட்கள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து ஐந்து பவுன் கேட்டுத் தந்தி வந்தது. தம் சமையலை இகழ்ந்துவிட்டதாக அவர் மனம் புண்பட்டிருந்தது. பழைய விசாகப்பட்டினம் மீண்டும் தலைகாட்டியது. கண்டவர்கள் வியந்தனர், அதை அபாய அறிவிப்பாகக் கொண்டவர் இல்லை.

1917-இல் உடல்நலம் குலைந்தது. மருத்துவர்கள் காசநோய் எனக் கருதி, ஒரு நலவாழ்வில்லத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பினர். குளிர் அறை, பிடிக்காத உணவு, பேச்சுத்துணையின்மை. அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளர் பதவிக்கான தேர்விலும் அவர் பெயர் விடுபட்டது. நோய், பசி, தனிமை, போர், வீட்டுப் பூசல், ஏமாற்றம் ஆகிய அனைத்தும் ஒருங்கே திரண்டன. இத்தகைய முடிவுக்கு ஒற்றைக் காரணம் தேடுவது பிழை. பல பாரங்கள் ஒரு தோளில் ஏறும்போது, வாழ்வை வெறுத்தல்ல, அந்த வேதனை நின்றால் போதும் என்ற தவிப்பினாலேயே மனம் அவ்வழியை நாடுகிறது.

1918 தொடக்கத்தில் இலண்டன் சுரங்க இரயில் நிலையம் ஒன்றில் அந்த வேளை வந்தது. பணியிலிருந்த காவலர் ஒருவர் கண்டு, வண்டியை உரிய நேரத்தில் நிறுத்திவிட்டார். அவர் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. சில நொடிகள் காத்ததால் ஓர் உயிர் நின்றது. உயிரை விடும் வேகம் பெரும்பாலும் நிலையானதன்று. அலைபோல் எழுந்து அடங்குவது. அந்த அலை உச்சியில் நிற்கும்போது ஒருவரை ஆபத்திலிருந்து விலக்கி வைத்தால், அவர் மீளும் வாய்ப்பு மிகுதி. இன்றைய மருத்துவ அறிவு வற்புறுத்தும் பேருண்மை இது.

அந்நாளில் இங்கிலாந்தில் அம்முயற்சி குற்றமாகும். காலில் காயத்தோடு அவரைக் காவல்துறையினர் பிடித்துச் சென்றனர். ஹார்டி விரைந்து வந்தார். இவர் இராயல் சங்கத்தின் உறுப்பினர், இவரைச் சிறையிலிடக் கூடாது என்று வாதாடினார். உண்மையில் அப்போது இராமானுஜன் உறுப்பினராகவில்லை! பொய் என்று பின்னர் அறிந்தும் காவல்துறையினர் வழக்குத் தொடரவில்லை. இந்தச் செய்தியை ஹார்டியே பின்னாளில் நம் சந்திரசேகரிடம் கூறியிருக்கிறார். பொய்ம்மையும் வாய்மையிடத்த என்று வள்ளுவர் கூறும் இடம் இதுவன்றி வேறு யாது?

அதன்பின் சுற்றியிருந்தோர் விழித்துக்கொண்டனர். 1918 மே மாதம் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. அப்பெருமை பெற்ற இரண்டாம் இந்தியர் அவர். அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியும் ஆய்வாளர் பதவி அளித்தது. இச்சிறப்புகள் அவர் ஊக்கத்தை உயர்த்தின. ஆனால் அவற்றோடு ஒப்ப மதிக்கத்தக்க செயல் இன்னொன்று உண்டு. இங்கிலாந்தின் வடபகுதியில் வேலைபார்த்த இராமலிங்கம் என்ற தமிழ்ப் பொறியாளர், அந்த ஜூனில் மாட்லாக் நலவாழ்வில்லத்துக்குச் சென்று அவருடன் மூன்று நாள் தங்கினார். என்ன உண்கிறார், ஏன் உண்ணவில்லை, என்ன வேதனை என்று கேட்டறிந்து, கவலையோடு ஹார்டிக்கு நீண்ட மடல் எழுதினார். கேட்டல், உடனிருத்தல், தம்மால் இயலாததை இயன்றவரிடம் சேர்த்தல் என்ற மூன்றையும் அவர் யாரும் கற்பிக்காமலே செய்தார்.

இலண்டன் புறநகரான பட்னியில் நோயுற்றிருந்த இராமானுஜனைக் காண ஹார்டி ஒரு வாடகை வண்டியில் வந்த கதையை யாவரும் அறிவோம். வண்டியின் எண் 1729. சிறப்பில்லாத எண் என்று ஹார்டி சொல்ல, இரண்டு கனங்களின் கூட்டலாக இருவகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்று படுக்கையிலிருந்தே இராமானுஜன் விளக்கினார். நாம் மகிழ்ந்து மகிழ்ந்து சொல்லும் அந்தக் கதை, அவர் உயிர் காக்கப்பட்டதன் பின்னர் நடந்தது!

1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். ஜானகி அவர் அருகிலிருந்து பணிவிடை செய்தார். நோய் தணியவில்லை, ஆனால் பணியும் நிற்கவில்லை. 1920 ஜனவரியில் புதிய சார்புகளைக் கண்டதாக ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், 32 வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் நோயினால் காலமானார். கடைசி ஆண்டில் அவர் எழுதிய தாள்கள் 1976-இல் டிரினிட்டி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. இன்றும் அறிஞர்கள் அவற்றை ஆராய்கின்றனர். மீட்ட ஈராண்டுகள் உலகுக்குத் தந்த செல்வம் அது. அப்படி ஒரு தேற்றமும் எழுதாமல் வாளாவிருந்திருந்தாலும், அந்த உயிர் காக்கத்தக்கதே. ஜானகிக்கு வேண்டியது தேற்றமன்று, கணவர்.

துணைநின்றவரும் மனிதரே என்பதை மறக்கலாகாது. ஹார்டி முதுமையில் இதயநோயுற்று, கணிதத் திறன் தம்மைக் கைவிட்டதென்று மனம் உடைந்து, 1947-இல் தாமும் உயிர்விட முயன்றார். அப்போது அவருடைய தங்கை உடனிருந்து பேணினார். நண்பர் ஸ்நோ வந்து வந்து கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார். பிறரைத் தாங்கும் தோளுக்கும் ஒரு தோள் தேவை.

இனி நம்மிடம் வருவோம். 2022-இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர் என்கிறது தேசியக் குற்றப் பதிவேட்டு அலுவலகம். இவர்களிற் பலருக்கும் ஒரு விசாகப்பட்டினம் இருந்திருக்கும். யாரும் அதைக் கண்டிருக்கமாட்டார்கள். உடன் பயிலும் ஒருவர் உணவுக்கு வராமல் ஒதுங்கினால், உறக்கம் கெட்டால், தாம் எல்லோர்க்கும் சுமை என்று பேசினால், தமக்கு உரிய பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடத் தொடங்கினால், பார்த்தும் பாராமல் போகாதீர்கள். உயிரை விடும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மூடிவைத்த கதவு திறக்கும். அறிவுரை வேண்டாம், கண்டிப்பும் வேண்டாம், செவி போதும். ஆபத்து நெருங்கியதெனத் தோன்றினால் தனியே விடாதீர்கள்; தீங்கு செய்துகொள்ளத்தக்க பொருள்களை அகற்றுங்கள்; மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். யாரிடமும் சொல்லேன் என்று மட்டும் வாக்களிக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவித் தொலைபேசி 14416. இரவும் பகலும் இயங்கும், தமிழிலும் பேசலாம். சட்டத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், முயன்று பிழைத்தவர் கடும் மனவழுத்தத்தில் இருந்தவரே எனக் கொண்டு, அவர்க்குச் சிகிச்சையளிப்பதை அரசின் கடமையாக்கியிருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவு இல்லை.

இவற்றை நூலறிவாக மட்டும் நான் எழுதவில்லை. சென்ற குளிர்காலத்தில் என் சோதனைகள் நான்கு மாதம் தொடர்ந்து பொய்த்தன. ஆர்.கே.புரத்தில் என் வாடகை அறையில் விளக்கேற்றாமல் படுத்துக் கிடந்தேன்; தொலைபேசியில் அம்மாவிடம் நலம் நலம் என்றேன். கடிதங்களைத் தடுக்க எனக்கு ஒருவரும் தேவைப்படவில்லை, நானே தடுத்துக்கொண்டேன். கீழ்வீட்டு மாமி இரண்டு நாள் விளக்கைக் காணாமல் படியேறி வந்தார். தம்பி சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். ரசம் சாதம் கொண்டுவந்து, உண்டு முடிக்கும்வரை போகாமல் உட்கார்ந்திருந்தார். அன்றிரவு ஊருக்கு உண்மையைச் சொன்னேன். மறுவாரம் மருத்துவரைக் கண்டேன்.

மாமிக்குக் கணிதமும் தெரியாது, மருத்துவமும் தெரியாது. எரியாத விளக்கு மட்டும் அவர் கண்ணிற்பட்டது. தோழர்களே, உங்கள் அடுத்த அறையில் இன்று விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையென்றால், கதவைத் தட்டுங்கள்.